கனடா குளிருக்கு வீட்லயே செய்ற செடித்தொட்டி, காட்பாடில இருந்து ஒரு சந்தேகம்

காட்பாடி_மொட்டமாடி

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமா இருக்கும், சிரிக்காதீங்க. நம்ம வேலூர்ல வெயில்ல செடி கருகாம காப்பாத்தறது எப்படின்னு தான் இங்க தினமும் பேசிக்கிறோம், நான் கேக்கறது பனி தாங்கற தொட்டி பத்தி.

விஷயம் என்னன்னா பொண்ணு கல்யாணம் ஆகி கனடால கால்கரின்னு ஒரு ஊர்ல இருக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம் போய் அக்டோபர் வரைக்கும் இருந்துட்டு வந்தேன். கைய கட்டிட்டு உக்கார முடியாம வீட்டுக்கு பின்னாடி இருக்கற இடத்துல வைக்கலாம்னு நம்ம ஊர் மாதிரியே செவப்பு மண்தொட்டி பெருசா நாலு வாங்கி (விலைய ரூபாய்ல மாத்தி பாத்துட்டு ரெண்டு நாள் தூக்கம் வரல) இலவம்பாடி முள்ளு கத்திரி போட்டேன். மொத்தமே பதினோரு காய் தான் வந்துச்சு, ஆனா அந்த எண்ணெ கத்திரிக்கா கொழம்ப பத்தி மாப்பிள்ள இன்னும் பேசறாரு. கெளம்பும்போது தொட்டிய மண்ணோட அப்படியே வெளிய விட்டுட்டு வந்துட்டேன். ஏப்ரல்ல பனி உருகினதும் பொண்ணு போட்டோ அனுப்பறா, நாலுல மூணு போச்சு. ஒண்ணு மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல் விட்ருச்சு, அது கூட புரியுது. மத்த ரெண்டும் ஒடையல, உரிஞ்சிருக்கு. வாய் ஓரமெல்லாம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா செதில் செதிலா வந்து தரையில செவப்பா கொட்டி கெடக்குது.

இந்த வருஷம் மே நடுவுல மறுபடி போறேன். கடையில வாங்க மனசு வரல, நானே சிமெண்ட்ல செஞ்சுடலாம்னு பாக்கறேன். எங்க மாடில பழைய துண்டு, கோணி இதெல்லாம் சிமெண்ட் பால்ல முக்கி பக்கெட் மேல கவுத்து காய வச்சு செஞ்ச தொட்டி ஒம்போது இருக்கு, எட்டு வருஷமா மே மாச வெயிலயும் ஐப்பசி மழையையும் பாத்துட்டு அப்படியே நிக்குது. அதையே அங்க செஞ்சா மைனஸ் 25, 30க்கு தாங்குமா? இல்ல வேற கலவை ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தெரியாதவங்களும் சொல்லுங்க, எப்படியும் சொல்லத்தான் போறீங்க.

ஆற்காடு_மக்கன்பேடா

அக்கா வெயிலூர்ல உக்காந்துகிட்டு பனிக்கு தொட்டி கேக்கற ஒரே ஆள் நீங்க தான் 😄 எனக்கு தெரிஞ்ச பனி ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர்ல படிஞ்சு கதவ மூட விடாம பண்ற பனி மட்டும் தான். ஃபாலோ பண்ண ஒரு கமெண்ட்.

ஏலகிரி_தோட்டக்காரர்

சிமெண்ட் தொட்டி செஞ்சு வெளிப்பக்கம் நல்ல வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டிங் அடிச்சுடுங்க மேடம். தண்ணி உள்ள போகாது, ஒண்ணும் ஆகாது. நாங்க மலை மேல அப்படித்தான் பண்றோம், டிசம்பர்ல இங்கயும் நல்ல குளிர்.

பழைய_செராமிக்காரன்

ஏலகிரி சார் மன்னிக்கணும், அத பண்ணிட வேணாம். உங்க மலையில குளிரும், உறையாது. ரெண்டுக்கும் நடுவுல தான் விஷயமே இருக்குது.

நான் ராணிப்பேட்டைல ஒரு செராமிக் ஃபேக்டரில 27 வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆனவன், வாஷ்பேசின், டாய்லெட் சாமான் செய்ற எடம். அங்க எங்களுக்கு தினசரி வேலையே ஒரு துண்டு எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு பாக்கறது. காஞ்ச துண்ட எடை போடுவோம், தண்ணில கொதிக்க வச்சு ஊற விட்டு, மேல இருக்கற ஈரத்த துணியால ஒத்தி எடுத்துட்டு மறுபடி எடை போடுவோம். 1200 டிகிரிக்கு பக்கத்துல சுட்ட பேசின் துண்டு அரை பர்சன்ட் கூட ஏறாது. அதே நம்ம ஊர் செவப்பு மண்தொட்டி 900, 1000 டிகிரில சுடறது, அது சாதாரணமா பத்து பர்சன்ட், அதுக்கு மேலயும் குடிக்கும். நம்ம ஊருக்கு அது நல்லது, குடிச்ச தண்ணி வெளிப்பக்கமா ஆவியாகி வேர் குளுகுளுன்னு இருக்கும், பானைத்தண்ணி சில்லுன்னு இருக்கற அதே கதை. குளிர் ஊருக்கு அது தான் எமன்.

தண்ணி உறைஞ்சா சுமார் 9 பர்சன்ட் பெருசாகும். சட்டியோட சுவர்ல இருக்கற கண்ணுக்கு தெரியாத ஓட்டையெல்லாம் தண்ணியால ரொம்பி இருந்தா அந்த 9 பர்சன்ட் எங்க போகும், சுவர தள்ளிகிட்டு தான் போகும். ஓட்டையில பத்துல ஒரு பங்காவது காத்து இருந்தா பனிக்கட்டி அதுல போய் ஒதுங்கிக்கும், சட்டிக்கு ஒண்ணும் ஆகாது. அதனால தொட்டிய கொல்றது குளிர் இல்லம்மா, சுவருக்குள்ள போக்கிடம் இல்லாம நிக்கற தண்ணி. உங்க தொட்டி வாய் ஓரமா மட்டும் பரோட்டா மாதிரி உரிஞ்சதுக்கும் இதான் காரணம்னு நெனைக்கறேன், பனி மேல குமிஞ்சு பகல்ல கொஞ்சம் உருகி அந்த ஓரத்துல ஊறி ராத்திரி மறுபடி உறைஞ்சிருக்கும்.

இப்ப பெயிண்ட் விஷயத்துக்கு வரேன். வெளிய பெயிண்ட் அடிச்சா வெளித்தண்ணி வராது, சரி. உள்ள ஈரமண்ணு இருக்கே, அதுல இருந்து சுவர் தண்ணி குடிச்சுகிட்டே இருக்கும். வெளிய ஆவியாக வழி அடைச்சாச்சு. பெயிண்டுக்கு பின்னாடியே தண்ணி தேங்கி நின்னு முதல் குளிர்லயே பெயிண்ட் காயம்பட்ட தோல் மாதிரி கழண்டு வரும், கூடவே சிமெண்டையும் இட்டுகிட்டு வரும்.

உங்க துணித்தொட்டிய பாக்காம தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா ஒண்ணு பண்ணுங்க. பழசுல ஒடஞ்ச துண்டு ஒண்ணு, மண்தொட்டி ஓடு ஒண்ணு எடுத்து ஒரு நாள் முழுக்க தண்ணில ஊறப்போட்டு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க, காலைல எடுத்து மறுபடி தண்ணில போடுங்க. இப்படி ஒரு பத்து தடவ. கால்கரிய காட்பாடிக்கே கொண்டு வந்துடலாம்.

குடியாத்தம்_கொத்தனார்மகன்

பெரியவர் சொன்னது கரெக்டு. அக்கா துணித்தொட்டிய நம்பி போவாதீங்கோ. அது துணி மேல சிமெண்ட் பால் தடவுன தோலு, அவ்ளோதான், அரை இன்ச் கூட இருக்காது. உள்ள இருக்கற துணி வெளக்குத் திரி மாதிரி தண்ணிய இழுத்து வெச்சிக்கும். இங்க உறையாததால தப்பிச்சிக்கினு இருக்குது.

நீங்க கேக்கற கலவைக்கு பேரு ஹைப்பர்டூஃபா. எங்க நைனா கொத்தனார், நானும் பத்து வருஷமா அவர் கூடத்தான், ஒரு பங்களாவுக்கு இத மாதிரி நாலு தொட்டி செஞ்சு குடுத்துருக்கோம், அதனால அளவு சொல்றேன். சிமெண்ட் ஒரு பங்கு, பெர்லைட் (சூட்டுல பொரிஞ்ச எரிமலைக்கல்லு, வெள்ளையா லேசா இருக்கும்) ஒன்ற பங்கு, பீட் மாஸ் (சதுப்பு நெலத்துல மக்குன பாசி) ஒன்ற பங்கு. எல்லாம் ஒரே டப்பால அளந்து போடணும், எடை கணக்கு கிடையாது. மணலு, ஜல்லி ரெண்டும் வேணாம். நாங்க இங்க பீட் மாஸ்க்கு பதிலா கோகோபீட், அதான் தேங்கா நார் தூளு, போட்டோம், அங்க தான் ஒரு அடி வாங்கினோம், கோகோபீட்ட சரியா கழுவாம போட்டுட்டோம், அந்த காவி கலர் தண்ணி சிமெண்ட்ட இறுகவே உடல, ரெண்டு நாள் ஆகியும் நகத்தால கீறினா பொடியா வருது. அப்புறம் மூணு தண்ணி விட்டு அலசி பிழிஞ்சு போட்டதும் சரியாச்சு. உங்களுக்கு கனடாலயே பீட் மாஸ் கொட்டி கெடக்கும், அதையே வாங்கிக்கோங்க, கட்டி குச்சி இருந்தா ஜல்லடையில சலிச்சுட்டு முதல்ல அதை ஈரப்படுத்திட்டு அப்புறம் சிமெண்ட்டு கூட கலக்கணும், காஞ்சபடி போட்டா கலவைல இருக்கற தண்ணியெல்லாம் அதுவே குடிச்சிடும்.

தண்ணி தான் உயிரு. இதுல எல்லாரும் தப்பு பண்றாங்கோ. பூச்சு வேலைக்கு குழைக்கற மாதிரி குழைச்சா போச்சு. புட்டுக்கு மாவு பிசிறுவீங்க இல்ல, அத விட ஒரு பிடி ஈரம் ஜாஸ்தி. கையில அள்ளி பிடிச்சா உருண்டையா நிக்கணும், அழுத்தி பிழிஞ்சா வெரல் சந்துல ரெண்டு மூணு சொட்டு வரணும். ஒழுகினா தண்ணி அதிகம், உருண்டை ஒடஞ்சா கம்மி.

ஃபைபர் போடுங்கோ. பூச்சுல விரிசல் வராம இருக்க போடுவோமே, முடி மாதிரி வெள்ளையா, இங்க 50 கிலோ மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட் ஒண்ணு. அதே கணக்குல போட்டா போதும். கம்பி வேணாம், கோழிவலையும் வேணாம், இந்த கலவை தண்ணி குடிக்கும், உள்ள இரும்பு துரு புடிச்சு வீங்கி அதுவே தொட்டிய ஒடைக்கும்.

அச்சுக்கு ரெண்டு பொட்டி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனா நாலு பக்கமும் 2 இன்ச் இடைவெளி இருக்கணும், அடியிலயும் 2 இன்ச். அட்டைப்பொட்டின்னா உள்ளார ப்ளாஸ்டிக் ஷீட் போட்டு வெளிய நல்லா டேப் சுத்துங்கோ, இல்லன்னா வயிறு தள்ளிடும். அடியில தண்ணி போற ஓட்டைக்கு ஒரு இன்ச் பிவிசி பைப்பு துண்டு மூணு நாலு நிக்க வெச்சு சுத்தி கலவைய போட்டு இடிங்கோ. சுவர் போடும்போது குச்சியால குத்தி குத்தி இடிக்கணும், மூலையில காலி இடம் உட்டா அங்கதான் ஒடையும்.

கணக்கு வேணும்னா, வெளி அளவு 18க்கு 18, ஒசரம் 14 இன்ச்சுன்னு வெச்சிக்கோங்கோ, சுவர் 2 இன்ச் போக உள்ள 14க்கு 14, ஆழம் 12. இடிச்ச கலவை 36 லிட்டர் பிடிக்கும். இடிச்சா அமுங்கும் அதனால அளந்து போடறது 45 லிட்டர். அதுல சிமெண்ட் 11 லிட்டர் சொச்சம், 16 கிலோ. இங்க 50 கிலோ மூட்டை ஒண்ணு 35 லிட்டர் நிக்கும், அந்த கணக்குல மூட்டைக்கு மூணு தொட்டி வரும்.

க்யூரிங், அதான் ஈரத்தோட இறுக உடறது, கடைசி, ஆனா அதான் முக்கியம். நான் சொன்ன அந்த பங்களா தொட்டி நாலுல ஒண்ணு போச்சு, ஏன்னா அக்னி நட்சத்திரத்துல செஞ்சு ஒரு நாள் மூடாம உட்டுட்டு போய்ட்டோம், வந்து பாத்தா மேல்பக்கம் வெளுத்து போய் மயிரிழை விரிசல். ஈரம் போய்ட்டா சிமெண்ட் இறுகாது, சும்மா காயும், ரெண்டும் வேற வேற. ஒரு நாள், ஒன்ற நாள் கழிச்சு அச்ச பிரிச்சு, கம்பி ப்ரஷ்ல மேல தேச்சு கல்லு மாதிரி சொரசொரப்பு பண்ணிட்டு, மறுபடி தண்ணி தெளிச்சு ப்ளாஸ்டிக் கவர்ல சுத்தி நாலு வாரம் நெழல்ல வெக்கணும்.

க்ளவுஸ் இல்லாம தொடாதீங்கோ. எங்க நைனாவுக்கு வெரல் நுனியெல்லாம் சிமெண்ட் கடிச்சு ஓட்ட ஓட்டயா இருக்கும், ராத்திரி தேங்காண்ண தடவிக்கினு உக்காந்துருப்பாரு. பெர்லைட் தூசுக்கு மாஸ்க்கும் கட்டிக்கோங்கோ.

காட்பாடி_மொட்டமாடி

தம்பி நீ நல்லா இருக்கணும். புட்டு மாவுன்னு சொன்னதும் எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. செராமிக் சார், உங்க ஃப்ரீசர் வைத்தியத்த இன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன், மண்தொட்டி ஓடு ஒண்ணு, என் துணித்தொட்டி ஓரத்துல ஒரு துண்டு. தம்பி சொன்ன கலவையையும் மளிகை டப்பாவுல அளந்து ஒரு டிபன் பாக்ஸ் சைஸ்ல செஞ்சு வச்சிருக்கேன், கோகோபீட் மூணு தண்ணி அலசியாச்சு, நாலு வாரம் கழிச்சு அதுவும் ஃப்ரீசருக்கு போகும். வீட்டுக்காரருக்கு தெரியாது.

ஆம்பூர்_டு_ஆல்பர்ட்டா

ஆன்ட்டி வணக்கம், லேட்டா பாத்தேன். நான் ஆம்பூர், கால்கரி பக்கத்துல ஏழு வருஷமா இருக்கேன், அதனால ஊர் நெலவரம் சொல்றேன்.

மொதல்ல நீங்க நெனைக்கற மாதிரி மைனஸ் 30 இல்ல இங்க பிரச்சன. மைனஸ் 30லயே அஞ்சு மாசம் நின்னுட்டா தொட்டி ஒரு தடவ உறைஞ்சு ஒரு தடவ உருகும், அதோட முடிஞ்சது. கால்கரில சினூக்னு ஒரு காத்து அடிக்கும், மலைப்பக்கம் இருந்து இறங்கி வர்ற வெதுவெதுப்பான காத்து, ஜனவரி மாசம் காலைல மைனஸ் 20ல ஜாக்கெட் போட்டு ஆபீஸ் போயிருப்போம், சாயங்காலம் ப்ளஸ் 5ல ரோடெல்லாம் தண்ணி ஓடும், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மைனஸ். ஒரு குளிர்காலத்துல இது எத்தனையோ தடவ. ஒவ்வொரு தடவையும் தொட்டி ஊறி உறையும். செராமிக் அங்கிள் சொன்ன ஃப்ரீசர் டெஸ்ட் அப்படியே எங்க ஊர் தான்.

இங்க ப்ளாட்ஃபார்ம் கான்கிரீட்லயே வேணும்னே கண்ணுக்கு தெரியாத காத்துக்குமிழி விட்டு போடறாங்க, அதுக்குன்னே ஒரு கெமிக்கல் இருக்கு, உறையற தண்ணி ஒதுங்க எடம் வேணும்ல. ஹைப்பர்டூஃபால பெர்லைட்டும் பீட்டும் அந்த வேலைய பாக்குதுன்னு வச்சுக்கலாம். ஆனா அதுக்காக கலவைல பாத்திரம் கழுவற சோப்ப ஊத்திடாதீங்க, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் அத பண்ணி தொட்டி ரஸ்க் மாதிரி ஆயிடுச்சு.

கடையில சிமெண்ட் வாங்கும்போது கவனம். மூட்டை மூட்டையா சல்லிசா அடுக்கி வச்சிருக்கறது ரெடிமிக்ஸ் கான்கிரீட், உள்ளயே மணல் ஜல்லி கலந்தது. அது வேணாம், போர்ட்லண்ட் சிமெண்ட்னு மட்டும் போட்டிருக்கற மூட்டைய கேளுங்க. இங்க 40 கிலோ மூட்டை, குடியாத்தம் அண்ணன் கணக்குப்படி ரெண்டு தொட்டிக்கு வந்துட்டு கொஞ்சம் மீறும்.

தொட்டி ஷேப் ரொம்ப முக்கியம், இத யாரும் சொல்லல. குடம் மாதிரி வயிறு பெருத்து கழுத்து சிறுத்த ஷேப் வேணவே வேணாம். மண்ணும் உறைஞ்சா பெருசாகும், மேல எழும்ப பாக்கும், கழுத்து சின்னதா இருந்தா போக வழியில்லாம பக்கவாட்டுல தள்ளி ஒடைச்சுடும். அடி சின்னதா வாய் அகலமா பக்கெட் மாதிரி சரிவா இருந்தா உறைஞ்ச மண்ணு மேல வழுக்கிகிட்டு ஏறிக்கும். உள்ள பொட்டிய கொஞ்சம் சரிவா வெட்டி ஒட்டிட்டா போதும். உள்சுவர் ஓரமா அரை இன்ச் தெர்மாக்கோல் சொருகி அப்புறம் மண் போட்டீங்கன்னா இன்னும் நல்லது, அமுங்கி இடம் குடுக்கும்.

அப்புறம் தரையில ஒட்ட வைக்காதீங்க, கீழ மூணு கல்லு வச்சு தூக்கி வைங்க. இல்லன்னா ஓட்டைய பனிக்கட்டி அடைச்சு தொட்டிக்குள்ள தண்ணி தேங்கி உறையும், மிச்சத்த சொல்ல வேணாம்.

இப்ப கசப்பான விஷயம். மே நடுவுல வந்து செய்றீங்க, நாலு வாரம் க்யூரிங்னா ஜூன் நடு ஆச்சு. அதுக்கப்புறம் புது சிமெண்ட்ல சுண்ணாம்பு காரம் இறங்கும், ரெண்டு மூணு வாரம் தண்ணி ரொப்பி ரொப்பி கொட்டினா தான் வேருக்கு ஆகும். ஆக ஜூலை. இங்க உறைபனி மே கடைசி வரைக்கும் வரும், செப்டம்பர் நடுவுல திரும்ப ஆரம்பிச்சுடும். ஜூலைல நட்ட கத்திரி பூ பூத்துட்டு செத்துடும். அதனால இந்த வருஷ கத்திரிக்கு துணிப்பை, அதான் குரோ பேக், வாங்கிக்கோங்க, உறைஞ்சாலும் உருகினாலும் துணிக்கு ஒண்ணும் இல்ல, அக்டோபர்ல கொட்டி மடிச்சு கராஜ்ல வச்சுடலாம். பொண்ணுகிட்ட விதை இருந்தா மார்ச் கடைசிலயே வீட்டுக்குள்ள ஜன்னலோரம் போட சொல்லுங்க, நீங்க வந்து எறங்கும்போது நாத்து ரெடியா இருக்கும். புதுசா விதை கொண்டு வந்தா ஏர்போர்ட்ல மறைக்காம டிக்ளேர் பண்ணுங்க, மண்ணு மட்டும் ஒரு சிட்டிகை கூட கூடாது.

உண்மைய சொன்னா கத்திரிக்கு இந்த சிமெண்ட் தொட்டியே தண்டம்னு நெனைக்கறேன். நாலு மாசம் வாழற செடிக்கு மண்ணோட சேத்து 80 கிலோ கிட்ட வர்ற தொட்டி எதுக்கு, வீட்டுக்கு பின்னாடி மரத்துல டெக், அதான் பலகை மேடை, போட்டிருந்தா அது மேல நாலு தொட்டி வைக்கவும் எனக்கு பயம். இத செய்ங்க, ஆனா குளிர்லயும் வெளியவே கெடக்கற செடிக்கு செய்ங்க, செம்பர்விவம், சீடம் மாதிரி சதைப்பத்து செடிங்க பனிக்கு கீழ தூங்கிட்டு ஏப்ரல்ல முழிச்சுக்கும்.

பழைய_செராமிக்காரன்

ஆம்பூர் தம்பி சொன்ன கழுத்து விஷயம் நான் விட்டுட்டேன், சரியா சொன்னாரு.

இந்த ஹைப்பர்டூஃபா எங்க இருந்து வந்ததுன்னு ஒரு வரி. இங்கிலாந்துல பாறையில வளர்ற மலைச்செடி வளக்கறவங்க பழைய கல்தொட்டிய தேடி தேடி வாங்கி அதுல நட்டுகிட்டு இருந்தாங்க, மாடு தண்ணி குடிக்க குடைஞ்ச தொட்டி, நம்ம ஊர்ல வாசல்ல கெடக்குமே கழனித்தொட்டி, அதே ஜாதி. கல்தொட்டி கெடைக்கறது அரிதாகி விலை ஏறினப்புறம் அதே மாதிரி தெரியணும்னு சிமெண்ட்டும் பீட்டும் கலந்து செய்ய ஆரம்பிச்சாங்க. டூஃபான்னா துளை துளையா இருக்கற ஒரு சுண்ணாம்புக்கல். நம்மாளுங்க கழனித்தொட்டிய ஒடைச்சு அஸ்திவாரத்துல போட்டுட்டோம்.

பெரிய தொட்டில ஒரு சோதனை. காஞ்சப்புறம் வெரல் முட்டியால தட்டி பாருங்க. டங்குன்னு ஒரே மாதிரி கேட்டா நல்லா இறுகியிருக்கு, ஒரு பக்கம் மட்டும் டொக்குன்னு கேட்டா அங்க உள்ள விரிசலோ காலியோ இருக்கு. கரிகிரில பானை வாங்கும்போது நம்ம வீட்டு பொம்பளைங்க தட்டி பாத்து வாங்கறது இதுக்குத்தான்.

குடியாத்தம்_கொத்தனார்மகன்

பெரியவரே இந்த கலவை டங்குன்னு அவ்ளோவா கேக்காது, பெர்லைட் சத்தத்த முழுங்கிடும். ஆனா எடத்துக்கு எடம் சத்தம் மாறக்கூடாதுன்றது கரெக்டு.

அக்கா, ஆல்பர்ட்டா தம்பிகிட்ட ஒண்ணு கேளுங்கோ, கால்கரில காத்து ரொம்ப காஞ்சிருக்குமாமே? அப்டின்னா கவர் ரெண்டு சுத்து சுத்துங்கோ. கராஜ்லயே செய்ங்கோ, ராத்திரி அஞ்சு டிகிரிக்கு கீழ போனா சிமெண்ட் இறுகாம தூங்கிடும், மே மாசம்னு நம்ம ஊர் நெனப்புல வெளிய உட்டுடாதீங்கோ.

ஆம்பூர்_டு_ஆல்பர்ட்டா

ஆமாண்ணே, காத்து அவ்ளோ வறட்சி, வந்த புதுசுல எனக்கு மூக்குல ரத்தமே வந்துச்சு. மே ராத்திரி அஞ்சுக்கு கீழ சாதாரணமா போகும். கராஜ் தான் சரி.

காட்பாடி_மொட்டமாடி

அஞ்சு வாரம் கழிச்சு வரேன். ரிசல்ட் சொல்லிடறேன்.

மண்தொட்டி ஓடு ஏழாவது தடவ எடுத்து தண்ணில போட்டதும் ஓரத்துல இருந்து நகம் சைஸ்ல ஒரு செதில் கழண்டு மெதக்காம அடியில போய் படுத்துச்சு, பத்தாவது தடவ கையாலயே ரெண்டா ஒடைக்க முடிஞ்சுது. துணித்தொட்டி துண்டு வெளிய பாக்க நல்லா தான் இருந்துச்சு, பன்னெண்டாவது தடவ அழுத்தினா சிமெண்ட் தனியா துணி தனியா பப்படம் மாதிரி பிரியுது, உள்ள எட்டு வருஷம் முன்னாடி எங்க வீட்ல இருந்த பச்சக்கோடு போட்ட ஈரிழைத் துண்டு பளிச்சுன்னு தெரியுது, அத பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. தம்பியோட புட்டு மாவு துண்டு தான் நின்னுது. நாலு வாரம் கவர்ல இருந்துட்டு இந்த வாரம் தான் ஃப்ரீசருக்கு போச்சு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு இதுவரைக்கும் பன்னெண்டு தடவ ஆச்சு, மூலையில மட்டும் கொஞ்சம் பொடி உதிருது, எடை போட்டு பாத்தேன், 2 கிராம் கொறஞ்சிருக்கு.

ஆல்பர்ட்டா தம்பி, உங்க பேச்ச பாதி கேக்கறேன். கத்திரிக்கு துணிப்பை தான், பொண்ணு விதையும் போட்டுட்டா. ஆனா ரெண்டு தொட்டி கட்டாயம் செய்வேன், அந்த சதைப்பத்து செடிக்கு ஒண்ணு, இன்னொண்ணு சும்மா அந்த ஊர் குளிர பாத்து ஒரு கேள்வி கேக்கறதுக்கு. தரையில தான் வைப்பேன், டெக் மேல இல்ல.

ஆற்காடு_மக்கன்பேடா

அக்கா எல்லாம் சரி, ஃப்ரீசர்ல சிமெண்ட் துண்டு வச்சத அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?

காட்பாடி_மொட்டமாடி

இன்னும் சொல்லல. நேத்து ரோஸ்மில்க் குடிச்சுட்டு ஐஸ்ல ஏதோ நறநறன்னு கடிபடுதே, கார்ப்பரேஷன் தண்ணி மோசமாயிடுச்சான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.